அஞ்சறைப்பெட்டி மூடி

உங்கள் அக்காவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது இந்த வாசலில்தான், தம்பி. நீங்கள் இப்போது செருப்பைக் கழற்றினீர்களே, அதே இடம். ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். கையில் அஞ்சறைப்பெட்டியின் பிளாஸ்டிக் மூடி. முந்தானையைப் போட்டு மறைத்துக்கொண்டு வந்தது.

"அய்யா, இதை நீங்க சரி பண்ண வேணாம். அப்படியே வச்சிருங்க. தை மாசம் என் தம்பி மஸ்கட்லேருந்து வர்றான். அவன் கையில குடுத்துருங்க."

இவ்வளவுதான் சொன்னது. நான் தலையாட்டினேன். மாடிப்படி ஏறிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதிப் படியில் நின்று, விலாவில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டது. வெயில் என்று நினைத்தேன்.

கதவைச் சாத்த வேண்டாம், தம்பி. பகலில் நான் கதவைச் சாத்துவதில்லை என்று மேலே உங்கள் அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியும். சாத்தினால் ஏன் என்று யோசிப்பார். நீங்கள் அந்த நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், வாசலிலிருந்து தெரியாது. பின்பக்கக் கேட் வழியாகத்தானே வந்தீர்கள்? யாரும் பார்க்கவில்லையே? சரி. தண்ணீர் வேண்டுமென்றால் பானையில் இருக்கிறது, மொண்டு குடியுங்கள். மூடியை மட்டும் மெதுவாக வையுங்கள்.

நான் இதைத் தேய்த்துக்கொண்டே பேசுகிறேன், மரியாதைக் குறைவாக நினைக்காதீர்கள். பி பிளாக் டீச்சர் வீட்டுத் தண்ணீர் ஜக்கு இது. என் சமையலறை ஜன்னலுக்கு நேர் மேலே தியாகு சார் சமையலறை ஜன்னல். தினமும் இந்த நேரத்தில் நான் தேய்க்கிற சத்தம் அவருக்குக் கேட்கும். நின்றால் கவனிப்பார்.

இரண்டு தடவை என்னிடம் வந்து கேட்டீர்கள். அக்கா தவறிய மூன்றாம் நாள் ஏர்போர்ட்டிலிருந்து நேரே வந்தபோது ஒரு தடவை, முப்பதாம் நாள் ஒரு தடவை. "அக்கா உங்ககிட்ட ஏதாவது சொல்லிச்சா சார்?" என்று. இரண்டு தடவையும் எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அந்த மூடி அப்போது இதே அறையில்தான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்பதை முதலில் கேளுங்கள். அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

நான் பெரிய தொழில்காரன் இல்லை. லாரி ஆபீசில் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தா. என் மனைவி ஸ்தெல்லா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் போன அடுத்த மாதம் ஃப்ரிட்ஜில் காய்கறி வைக்கிற கண்ணாடி மாதிரித் தட்டு, பிளாஸ்டிக்தான், விரிசல் விட்டுவிட்டது. அவள் கை பட்டது. தூக்கிப்போட மனசு வரவில்லை. தில்லைநகரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். "இதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லை, குளோரோஃபார்ம் விட்டா ஒட்டும், நீங்களே பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் என் படிப்பு. மீதி எல்லாம் சாமான்களைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது.

இப்போது நன்றாகவே வரும். விரிசல் எங்கே முடிகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். முடிகிற இடத்தில் ஊசி மாதிரி ஒரு சின்னத் துளை போடவேண்டும். போட்டால் விரிசல் அதைத் தாண்டிப் போகாது. போடாவிட்டால் காலையில் பார்க்கும்போது ஒரு விரல் நீளம் கூடுதலாக ஓடியிருக்கும். அதனால் சாமான் வந்த அன்றைக்கே துளை போட்டுவிடுவேன், அது என் பழக்கம். பிறகு ஊசியில் குளோரோஃபார்ம் எடுத்து விரிசலில் விட்டால் தானே உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்ததும் தண்ணீர் விட்டு உப்புத்தாள். சொரசொரப்பானதில் ஆரம்பித்து, நைசு, அதைவிட நைசு. கடைசியில் துணிச் சக்கரம் வைத்த மோட்டார், அதற்கப்புறம் பழைய பனியன் துணியில் பற்பசை. கண்ணாடி தோற்றுவிடும்.

காசு வாங்கமாட்டேன். ஃபிளாட் முழுக்க எனக்குச் சாமான் வரும். மிக்ஸி ஜார் மூடி, சர்க்கரை டப்பா, ஜக்கு. உங்கள் அக்கா முதலில் கொண்டுவந்ததும் ஒரு ஜக்குதான். நடுவயிற்றில் நட்சத்திரம் மாதிரி விரிசல்.

"என்ன மங்கைம்மா, கைதவறிடுச்சா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கய்யா. நான் எப்பவும் இப்படித்தான். ஓட்டைக்கை."

நான் சும்மா இருந்திருக்கவேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று ஒரு ஆசை. "கைதவறி விழுந்தா இப்படி உடையாதும்மா" என்றேன். "விழுற சாமான் ஓரத்துலதான் அடிபடும். விரிசல் ஓரத்துல ஆரம்பிச்சு உள்ள ஓடும். நடுவுல நட்சத்திரம் விட்டா விழுந்தது இல்லை. எதுவோ வந்து அடிச்சிருக்கு." நாலைந்து பழைய சாமான்களை எடுத்து வைத்துக் காட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

"அப்ப, ஓரத்துல உடைஞ்சிருந்தா விழுந்ததுன்னு அர்த்தங்களாய்யா?"

"ஆமா."

"யார் பார்த்தாலும் அப்படித்தான் தோணுமா?"

"தெரிஞ்சவங்க யார் பார்த்தாலும்."

ஸ்தெல்லா போன பிறகு என்னிடம் இத்தனை கேள்வி யாரும் கேட்டதில்லை, தம்பி. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்கப்புறம் உங்கள் அக்கா கொண்டுவந்ததெல்லாம் ஓரத்தில் உடைந்திருந்தது. மிக்ஸி மூடி, ஓரம். பருப்பு டப்பா, ஓரம். ஃப்ரிட்ஜ் தட்டில் மட்டும் இரண்டும் இருந்தது, நடுவில் நட்சத்திரமும் ஓரத்தில் ஒரு சில்லும். நட்சத்திரத்துக்குள் மஞ்சள்தூள் ஏறியிருந்தது, நாலைந்து நாள் பழசு. ஓரத்துச் சில்லு வெள்ளை வெளேரென்று இருந்தது, அன்றைக்குக் காலையில் உடைந்தது. ஒரே தட்டு, இரண்டு நாள். பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? நான் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு சரியாக இருக்கிறது, விழுந்தது ஓரத்தில்தான் உடைந்திருக்கிறது என்று நினைத்தேன்.

மேலே நடக்கிற சத்தம் கேட்குமா என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்கு எப்படிக் கேட்கும்? மோட்டார் ஓடும்போது பக்கத்தில் பேசுவதே கேட்காது. பழைய கிரைண்டர் மோட்டார் அது. அவர் வேலை முடிந்து வருவது ஆறரை மணிக்கு. ஆறே முக்கால், ஏழுக்கு நான் மோட்டார் போட்டுவிடுவேன். முன்பெல்லாம் காலையில்தான் போடுவேன். நடுவில் மாற்றிக்கொண்டேன். மாற்றிக்கொண்டது எப்போது என்று ஞாபகமில்லை. சாயங்காலம்தான் வசதியாக இருந்தது.

இருங்கள். மேலே நாற்காலி இழுக்கிற சத்தம். ஒன்றுமில்லை. தியாகு சாருக்கு இன்றைக்கு வீட்டில் இருக்கிற நாள்.

அந்த மூடிக்கு வருகிறேன். எனக்குக் கொடுத்துவிட்டு மங்கை மேலே போன பிறகு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் நட்சத்திரம், ஐந்து கால். ஓரத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு சில்லுகூட இல்லை. அந்தத் தடவை ஓரத்தை அது உடைக்கவில்லை, தம்பி. எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை. எனக்கு வேறு வருத்தம். 'சரி பண்ண வேண்டாம், தம்பியிடம் கொடுங்கள்' என்றால் என்ன அர்த்தம்? மஸ்கட்டில் இதே மாதிரிப் பெட்டி கிடைக்கும், உங்களிடம் சாம்பிள் காட்டிப் புதிதாக வாங்கிவரச் சொல்லப்போகிறது என்று எடுத்துக்கொண்டேன். என் வேலை அதற்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை சாமான் செய்து கொடுத்திருக்கிறேனே என்று கோபம்கூட வந்தது.

அந்தக் கோபத்தில்தான் கழுவினேன். விரிசலுக்குள் பழுப்பாக ஏதோ ஏறியிருந்தது. அஞ்சறைப்பெட்டி மூடிதானே, மிளகாய்த்தூள். மிளகாய்த்தூள் என்றுதான் நினைத்தேன். சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மிளகாய்த்தூள் என்றால் தண்ணீரில் மிதக்கும். இது மிதக்கவில்லை, கரைந்து போயிற்று. பிறகு துணியால் துடைத்து, ஐந்து காலின் முனையிலும் ஐந்து துளை போட்டேன். சரி பண்ணிக் காட்டினால்தான் தெரியும் என்று.

துளை போடும்போது ஒன்றைக் கவனித்தேன். அடி விழுந்த பக்கம் நடுவில் சின்னதாக ஒரு குழி. நாலு மூலை இருந்தது அதற்கு, சதுரமாக. விரிசல் பின்பக்கம் திறந்திருந்தது. மேடையில் கிடக்கிற மூடியை அடித்தால் அப்படித் திறக்காது. பின்னால் முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாமல், அந்தரத்தில் இருக்கும்போது அடித்தால்தான் திறக்கும். அப்படியென்றால் யாரோ அதை இரண்டு கையாலும் ஓரத்தில் பிடித்து நிமிர்த்தி வைத்திருக்கவேண்டும்.

நீங்கள் கையை அப்படி வைக்காதீர்கள். முகத்துக்கு நேராக வைக்காதீர்கள், தம்பி. எனக்குத் தெரிகிறது. காட்டவேண்டாம்.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் ஏழு மணிக்கு மோட்டார் போட்டேன். நிறுத்தியபோது படியில் ஆட்கள் ஓடுகிற சத்தம். சமையலறையில் வழுக்கி விழுந்து மேடை விளிம்பில் தலை மோதிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஒரு ஏட்டு வந்து வாசலில் நின்று கேட்டார்.

"கீழ் வீடு நீங்கதானே? சத்தம் கித்தம் கேட்டுச்சா?"

"மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சு சார்."

"அப்ப கேக்கல."

"கேக்கல சார்."

எழுதிக்கொண்டு போய்விட்டார். பொய் இல்லை, தம்பி. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று தியாகு சார் என் வீட்டுக்கு வந்தார். நீங்கள் பார்த்திருக்கிறீர்களே, சத்தமாகப் பேசுகிற மனுஷன் இல்லை. ஃபிளாட் சங்கத்துச் செயலாளர், எல்லாரையும் சார் போட்டுத்தான் கூப்பிடுவார். இதே மேசையில் கையை ஊன்றி நின்றார்.

"சார், மங்கை ரிப்பேருக்குக் குடுத்த சாமான் ஏதாவது உங்ககிட்ட நிக்குதா?"

அவர் விரலில் மோதிரம். சதுரக் கல். அதைப் பார்த்தேன். அப்போதுதான், தம்பி. அதுவரைக்கும் சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் தெரியும். ஆனால் இப்படித் தெரியாது.

"இல்லை சார். எல்லாம் வாங்கிட்டுப் போயிருச்சு" என்றேன்.

"அஞ்சறைப்பெட்டி மூடியக் காணோம். அதான் கேட்டேன்."

"தெரியல சார்."

சிரித்துவிட்டுப் போனார்.

என் வீட்டு மாற்றுச்சாவி அவரிடம் இருக்கிறது. செயலாளர் என்பதால் எல்லார் சாவியும் அவரிடம் ஒரு பெட்டியில் தொங்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்தபோது என் உப்புத்தாள் அடுக்கு மாறியிருந்தது. நைசு மேலே இருக்கும், சொரசொரப்பு அடியில். அன்றைக்குத் தலைகீழாக இருந்தது. அந்தச் சமயம் மூடி என் ஜெபப் புத்தகப் பையில் என்னோடு கோயிலில் இருந்தது.

குப்பையில் போடலாம் என்றால் குப்பையைத் தரம் பிரித்துப் போடுகிறார்களா என்று அவர்தான் வந்து பார்ப்பார். எரித்தால் அந்த நாற்றம் நாலு வீட்டுக்குத் தெரியும். உங்களிடம் கொடுத்திருக்கலாம். முப்பதாம் நாள் நீங்கள் இங்கே உட்கார்ந்திருந்தபோது கொடுத்திருக்கலாம். அவர் வாசலில் நின்று உங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார், ஞாபகம் இருக்கிறதா? "மாப்ள, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாரே.

அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். உடைந்த மூடி கையில் இருந்தால்தானே ஆபத்து? உடையாத மூடி யார் வீட்டிலும் இருக்கலாம்.

ஒன்பது நாள் வேலை செய்தேன். விரிசலுக்கு மூன்று தடவை விட்டேன். அந்தச் சதுரக் குழியை, அதே பிளாஸ்டிக்கைப் பொடி பண்ணிக் குளோரோஃபார்மில் குழைத்து நிரப்பி, மட்டம் பண்ணினேன். நைசுத்தாளில் மட்டும் இரண்டு நாள். அந்த மாதிரி வேலையை நான் அதற்கு முன்னாலும் செய்ததில்லை, பின்னாலும் செய்யவில்லை. அடையாளம் தெரியாமலிருக்க, மூடியின் ஓரத்துப் பிடியை எடுத்துவிட்டு ஒரு பழைய ஜக்கு மூடியின் பிடியை ஒட்டினேன். பயத்தில் செய்தால் கை இவ்வளவு சுத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது.

மார்கழியில் ஒரு நாள் அவர் மறுபடியும் வந்தார், சங்கத்துக் கூட்டத்துக்குக் கையெழுத்து வாங்க. "சார், கொஞ்சம் தண்ணி" என்றார். நான் எழுவதற்குள் அவரே பானையிடம் போய்விட்டார். மூடியைத் தூக்கினார். கையில் வைத்துக்கொண்டே தண்ணீர் மொண்டு குடித்தார். திரும்ப மூடினார். போய்விட்டார்.

ஆமாம் தம்பி. அதுதான். வந்ததும் நீங்கள் தண்ணீர் குடித்தீர்களே. அந்த மூடிதான்.

உட்காருங்கள். சத்தம் போடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அவர் கையிலேயே வைத்திருந்தும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு நிமிஷம், எப்படிச் சொல்வது, பெருமையாக இருந்தது. பிறகு அந்தப் பானைத் தண்ணீரை முழுக்கக் கீழே கொட்டினேன்.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் கூப்பிட்டேன் என்று கேட்டீர்கள். அந்த மேசையில் இருக்கிற தியாகு சார் கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள். ஆவணி பதினாலு. பெண்ணுக்கு மணப்பாறைப் பக்கம். போன புதன்கிழமை வீடு பார்க்க அழைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்கும் மேலே ஒரு காப்பி கொடுத்தார்கள். சமையலறையை எட்டிப் பார்த்தேன். அந்த அஞ்சறைப்பெட்டி இன்னும் மேடையிலேயே இருக்கிறது, ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து மூடியிருக்கிறார்கள்.

நான் இறங்கும்போது அந்தப் பெண் படியில் என் பின்னாலேயே வந்தது. இருபத்தைந்து வயசுகூட இருக்காது. சிரித்த முகம்.

"அங்கிள், நீங்கதான் உடைஞ்ச பிளாஸ்டிக்கெல்லாம் புதுசு மாதிரி ஆக்குவீங்களாமே?"

"யார் சொன்னது?"

"மேல இருக்காங்களே, இவங்கதான். நான் எதை எடுத்தாலும் கீழ போட்டுருவேன் அங்கிள், வீட்ல எல்லாம் திட்டுவாங்க. இவங்ககிட்ட சொன்னேன். கவலைப்படாத, எது உடைஞ்சாலும் கீழ் வீட்டு சார் தெரியாம பண்ணிடுவாருன்னாங்க."

எது உடைந்தாலும். தெரியாமல். நான் படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பிரஷர் இருக்கா அங்கிள்?" என்று கேட்டு என் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுவந்து விட்டது அந்தப் பிள்ளை. நீங்கள் மஸ்கட்டை விட்டுவிட்டுப் பெரம்பலூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பழைய நம்பர்தான், எடுப்பீர்களோ மாட்டீர்களோ என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போன் பண்ணினேன்.

ஸ்டேஷனுக்கு வந்து சொல்வீர்களா என்கிறீர்கள். வந்து எதைச் சொல்வது? மோட்டார் ஓடியது, ஒன்றும் கேட்கவில்லை என்று ஏட்டிடம் நானே சொல்லியிருக்கிறேன். கழுவியது நான். குழியை அடைத்தது நான். உங்கள் அக்கா உங்களுக்காக என்னிடம் வைத்த ஒரே சாமானை நான்தான் கண்ணாடி மாதிரி ஆக்கிவைத்தேன். உள்ளே வைத்தால் என்னைத்தான் முதலில் வைப்பார்கள். வைக்கட்டும் என்று வாய் சொல்கிறது, கால் கேட்கமாட்டேன் என்கிறது.

தேய்க்கிற சத்தம் நின்று எவ்வளவு நேரம் ஆகிறது, கவனித்தீர்களா? எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. மேலேயும் நடமாட்டம் நின்றுவிட்டது.

இல்லை. இனிமேல் தேய்க்கப் போவதில்லை. ஜக்கு அப்படியே கிடக்கட்டும்.

ஆணியில் என் சட்டை தொங்குகிறது, எடுங்கள். படியில் செருப்புச் சத்தம் வருகிறது, அவராகத்தான் இருக்கும். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து என் பக்கத்தில் நின்றால் போதும். முன்வாசல் வழியாகவே ஸ்டேஷனுக்குப் போவோம். பானையின் மேலிருந்து அதை எடுங்கள், துண்டில் சுற்றவேண்டாம், கையிலேயே கொண்டுபோகலாம். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். சாய்த்து. நடுவில் ஒன்றும் இருக்காது, அங்கே நான் ஒன்றும் விடவில்லை. சுற்றிலும் பாருங்கள், நட்சத்திரத்தின் கால்கள் முடிந்த இடத்தில். துளையை எதைப் போட்டு அடைத்தாலும், எத்தனை நாள் தேய்த்தாலும், புள்ளி போகாது. ஐந்து இருக்கிறது.